வாசல் சிஸ்டரின் ஒரே மூச்சு

"முழுசாச் சொல்லியும் மறந்துபோகுது சிஸ்டர்," என்றாள் சுடர்க்கொடி.

வாசல் சிஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இடுப்பில் குழந்தை. தோளில் மடிக்கணினிப் பை. செருப்பெல்லாம் மலைப்பாதைச் செம்மண்.

"யாரு மறந்துபோறது?"

"மாடல். கேட்டதுக்குப் பதில் பேசற கணினி."

"முதல்ல உக்காருங்கம்மா. மூச்சு வாங்குது பாருங்க."

அந்தக் குன்றின் மேல் வருகிற எல்லோருக்கும் மூச்சு வாங்கும். உச்சியில் ஒரு கன்னியர் மடம். மடத்துக்குள்ளே மதர் தெக்லா. துறவறத்துக்கு வரும் முன்பு எந்திரங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர். அவருக்கு எழுபது வயது என்பார்கள் சிலர். முப்பதுகூட ஆகவில்லை என்பார்கள் சிலர். வெளியாட்களில் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

கணினிக்காரர்கள் தீராத சந்தேகங்களைத் தூக்கிக்கொண்டு மலையேறி வருவார்கள். வாசலில் நின்று கேட்பார்கள். பதில் வாசலுக்கு வரும்.

கொண்டுவருகிறவர் வாசல் சிஸ்டர். பெயர் அமலோற்பவம். சுடர்க்கொடியின் வயதுதான் இருக்கும். உருண்டையான உடம்பு. சிரித்தால் முக்காடு குலுங்கும்.

"எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன் சிஸ்டர்," என்றாள் சுடர்க்கொடி. "பாப்பாவுக்கு நிலக்கடலை ஆகாது. ஒரு துணுக்கு பட்டாலும் உதடு வீங்கிடும், மூச்சு இழுக்கும். போன மாசம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்."

"அடடா. பாப்பா பேரென்ன?"

"குயிலி."

குயிலி சிஸ்டரின் கழுத்துச் சிலுவையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோடி. எங்களுக்கே அது அப்பப்ப நழுவும்," என்றார் சிஸ்டர்.

*

"நான் உள்ள வந்து மதர்கிட்ட நேராப் பேசக்கூடாதா?"

"முடியாதும்மா. மதருக்கு ஒரு நோன்பு. ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதும் அதை அப்படியே இறக்கி வச்சுடுவாங்க. அடுத்த தடவை நான் போறப்ப நீங்க யாருன்னே தெரியாது."

"அப்போ அடுத்த கேள்வியை எப்படிக் கேட்கிறது?"

"நான்தான் இருக்கேனே. முதல்ல இருந்து எல்லாத்தையும் திரும்பச் சொல்லுவேன். நீங்க சொன்னது, அவங்க சொன்னது, மறுபடி நீங்க கேட்டது. கடைசியா புதுக் கேள்வி."

சுடர்க்கொடி வாய்விட்டுச் சிரித்தாள்.

"அச்சு அசல் எங்க மாடல்தான் சிஸ்டர்! அதுக்கும் சொந்தமா ஒரு நினைவும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் பேச்சை முதல்ல இருந்து திரும்ப அனுப்பணும். அந்தத் தொல்லை யாருக்கும் வேண்டாம்னுதான் ஒரு லைப்ரரி எழுதினேன். நானும் என்கூட வேலை செய்ற தமீமும்."

"லைப்ரரியா? அங்க சத்தம் போடக்கூடாதே."

"அது இல்ல சிஸ்டர். இது மத்தவங்க எடுத்துத் தங்களோட கணினி நிரல்ல அப்படியே பொருத்திக்கிற தயார் துண்டு. பேரு தோழி. நீங்க செய்ற வேலைதான் அதுக்கும். இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் கொண்டுபோகும். பதிலை இந்தப் பக்கம் கொண்டுவரும்."

"பாவம், அதுக்கும் நடை அதிகம்."

"ஆனா பொருத்தறவங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. மூணே வரி எழுதினாப் போதும். உள்ள என்ன நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரியவே வேண்டாம்."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன சிஸ்டர்?"

"ஒண்ணுமில்ல. கேள்வியைச் சொல்லுங்க."

சுடர்க்கொடி சொன்னாள். அவள் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில், பிள்ளை பெற்று வீடு திரும்பிய தாய்மார்கள் கேட்கிற சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஒரு ஏற்பாடு. மாடல் ஆஸ்பத்திரியுடையது. தோழி அவளுடையது. வருகிற திங்கட்கிழமை திறக்கிறார்கள். ஒத்திகையில் ஒரு நர்ஸ் தாய் மாதிரி பேசிப் பார்த்தார். தன் பிள்ளைக்கு ஒரு மருந்து ஆகாது என்று முதலிலேயே சொன்னார். பிறகு தூக்கம், பால், தடுப்பூசி என்று நெடுநேரம் பேசினார். கடைசியில் காய்ச்சலுக்கு என்ன தரலாம் என்று கேட்டார்.

"அந்த மருந்தையே குடுக்கச் சொல்லிச்சு சிஸ்டர்."

சொல்லிவிட்டு அவள் குயிலியின் மூக்கருகே ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். குழந்தை தூங்கக்கூட இல்லை. விழித்துக்கொண்டு கால் ஆட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் வைத்துப் பார்த்தாள்.

"மறக்காத மாடல் எதுன்னு மதரைக் கேளுங்க."

சிஸ்டர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் குதித்தாற்போலத் திரும்பி வந்தார்.

"'கடலை ஆகாத பிள்ளையோட அம்மாவுக்கு. கேட்காததை யாரும் மறக்க முடியாது.' இவ்வளவுதான் சொன்னாங்க."

"கேட்காததா? மாடல் கேட்டுச்சே! நான்தான் அனுப்புறேனே!"

"அதைப் போய்ச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. அப்புறம் இதையும் கேளுங்க. ஏற்கெனவே மாடலை மாத்திப் பாத்துட்டோம். அதைவிடப் பெரிசு வச்சோம். அதுவும் மறக்குது. இன்னும் பெரிசா மாத்தணுமா?"

சிஸ்டர் போனார். வந்தார். முகம் லேசாகச் சிவந்திருந்தது.

"'கடலை ஆகாத பிள்ளையோட அம்மாவுக்கு. ஊமைக்குப் பக்கத்துல யானையை உக்கார வச்சா, காது பெரிசுங்கிறதுக்காக என்ன கேட்டுடும்?'"

குயிலி மட்டும் சிரித்தாள். யாரோ யானை என்று சொன்னால் அவளுக்குப் போதும்.

*

சுடர்க்கொடிக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஊமை என்று யாரைச் சொல்கிறார் மதர்? தோழியையா?

"சிஸ்டர், மதருக்குத் தோழியைப் பத்தி ஒண்ணும் தெரியல போலிருக்கு. நான் சொல்றேன், நீங்க போய்ச் சொல்லுங்க."

"சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். இணைப்பு அறுந்தால் தோழி தானே மறுபடி முயலும். ஒரு மாடல் பதில் தராவிட்டால் சத்தமில்லாமல் இன்னொன்றிடம் போகும். பிழை வந்தால் பயன்படுத்துகிறவர் கண்ணில் படாமல் விழுங்கிவிடும். கோயம்புத்தூரில் ஒரு கூட்டத்தில் அதைக் காட்டியபோது பின்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார்கள். 'மூணே வரி' என்று தமீம் பீங்கான் கோப்பையில் அச்சடித்துக் கொடுத்தான். அவளுடைய வளைகாப்புக்கும் அதே கோப்பைதான் கொடுத்தான், பாவி. கல்லூரிப் பிள்ளைகள் அதைத்தான் முதலில் கற்கிறார்கள். ஒருத்தி மின்னஞ்சல் எழுதியிருந்தாள்: அக்கா, தோழி இருக்கும்போது எனக்கு எதைப் பற்றியும் யோசிக்க வேண்டியதே இல்லை.

"இதுல என்ன குறை கண்டாங்கன்னு கேளுங்க."

"எல்லாத்தையும் சொல்லணுமா?"

"ஒண்ணு விடாம."

சிஸ்டர் வானத்தைப் பார்த்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டார். அப்படியே வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார்.

திரும்பி வந்தபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள படி அதிகமா சிஸ்டர்?"

"படியா? ஒரு படி கிடையாது. சமதரை."

"பின்ன ஏன் இப்படி..."

"பதிலைக் கேளுங்க. 'லைப்ரரி எழுதின பொண்ணுக்கு. கெட்ட சேதியை மறைக்கிறவளுக்குத் தோழின்னு யார் பேரு வச்சது?'"

"நான்தான் வச்சேன்!" என்றாள் சுடர்க்கொடி. "ஏன் சிஸ்டர், மதர் எப்பவும் இப்படிக் குத்தலாத்தான் பேசுவாங்களா?"

"உங்களுக்குப் பரவாயில்ல. போன வாரம் வந்தவர்கிட்ட ஒரு தும்மல் மட்டும்தான் போட்டாங்க. அதையும் நான்தான் வந்து தும்மிக் காட்டினேன்."

சுடர்க்கொடியால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் பயம் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"சிஸ்டர், எனக்கு விடுகதை வேண்டாம். திங்கட்கிழமை அதைத் திறந்துடுவாங்க. எங்கேயோ ஒரு அம்மா பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு அதைக் கேப்பா. அது சொல்றதை நம்பி ஒரு கரண்டி ஊத்துவா. எனக்குப் பிள்ளை இருக்கு சிஸ்டர். அந்தக் கரண்டி என் கண்ணு முன்னாடியே நிக்குது. தப்பு எங்க இருக்குன்னு நேரா ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. கெஞ்சிக் கேட்டேன்னு சொல்லுங்க."

சிஸ்டரின் முகத்தில் சிரிப்பு அடங்கியது.

"சொல்றேம்மா," என்றார். மறுபடி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். ஓடினார்.

*

இந்த முறை கொஞ்சம் நேரமாயிற்று.

வந்தபோது சிஸ்டரின் கையில் ஒரு தட்டு. தட்டின் மேல் வெள்ளைத் துணி.

"'ஐயாவுக்கு,'" என்று ஆரம்பித்தார்.

"ஐயாவா?"

"அப்படித்தான் சொன்னாங்க. 'ஐயாவுக்கு. கலங்கிப்போயிருக்கீங்க. வெறும் வயித்துல எந்தப் பதிலும் இறங்காது. நம்ம மடத்துக் கடலை உருண்டை சாப்பிடுங்க.'"

துணியை எடுத்தார். பழுப்பு நிறத்தில், சொரசொரப்பாக, எலுமிச்சை அளவு உருண்டைகள்.

குயிலிக்கு உருண்டையாக எதைக் கண்டாலும் அது தனக்குத்தான். எட்டிப் பாய்ந்து ஒன்றை எடுத்தாள்.

சுடர்க்கொடி அலறினாள். குழந்தையின் கையைத் தட்டினாள். தட்டு பறந்தது. உருண்டைகள் வாசலெங்கும் ஓடின. குயிலி வீறிட்டாள்.

"நான் சொன்னேனே! வந்ததும் அதைத்தானே சொன்னேன்! முதல் வார்த்தையே அதுதானே!"

"சொன்னீங்க," என்றார் சிஸ்டர்.

"நீங்க மதர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். முதல் தடவை சொன்னேன். ரெண்டாம் தடவையும் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் உங்க பேச்சு நீண்டுபோச்சு. மடத்துல ஒரு சட்டம் இருக்கும்மா. மதர்கிட்ட எதைச் சொன்னாலும் ஒரே மூச்சுல சொல்லி முடிக்கணும். என் மூச்சு எவ்வளவு பிடிக்கும், சொல்லுங்க? மூணாம் தடவை கோயம்புத்தூர் வந்துச்சு, கோப்பை வந்துச்சு, வளைகாப்பு வந்துச்சு. கடைசியில இருக்கிற கேள்வியை விட முடியுமா? அதான் முன்னாடி இருந்ததை விட்டேன். முதல்ல கடலை போச்சு. அடுத்த தடவை நீங்க பொம்பளைங்கிறதும் போச்சு."

"விட்டேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"உங்களுக்கு எதுக்கும்மா அந்தத் தொல்லை?" என்றார் சிஸ்டர். "உள்ள என்ன நடக்குதுன்னு வாசல்ல இருக்கிறவங்களுக்குத் தெரியவே வேண்டாம்னுதான்."

சுடர்க்கொடிக்குத் தோழியின் பழைய வரி ஒன்று நினைவுக்கு வந்தது.

தோழியை எழுதிய முதல் வருஷம். மாடல்களுக்கு அப்போது கேட்கும் சக்தி குறைவு. பேச்சு நீண்டால் பிழை என்று சொல்லி நின்றுவிடும். நின்றால் யார் தோழியை விரும்புவார்கள்? அளவு மீறினால் பழையதை முன்னாலிருந்து சத்தமில்லாமல் வெட்டிவிடு என்று ஒரு வரி எழுதச் சொன்னாள். தமீம் எழுதினான். நன்றாக ஓடியது. இரண்டு பேரும் பிரியாணி சாப்பிடப் போனார்கள். அதன்பின் மாடல்கள் வளர்ந்தன. அந்த வரி மட்டும் பழைய அளவோடு அப்படியே இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை என்பதுதானே தோழி.

மாடல் மறக்கவில்லை.

அதனிடம் யாரும் சொல்லவே இல்லை.

*

குயிலியின் அழுகை திடீரென்று நின்றது.

சுடர்க்கொடி குனிந்து பார்த்தாள். தட்டிவிட்ட கையில் இன்னும் பாதி உருண்டை ஒட்டியிருந்தது. அதை வாய்க்குள் திணித்துக்கொண்டு குழந்தை சப்புக்கொட்டியது.

"ஐயோ! கடவுளே!"

"மண்ணும்மா," என்றார் சிஸ்டர்.

"என்னது?"

"மண்ணு. விதைப் பந்து. மழை வரும்போது மலையில வீசறதுக்கு உருட்டி வச்சிருக்கோம். உள்ள வேப்பங்கொட்டை. துப்பச் சொல்லுங்க, கசக்கும்."

குயிலி தானாகவே துப்பினாள். மூஞ்சி அஷ்டகோணலாயிற்று.

சுடர்க்கொடி குழந்தையின் வாயைத் துழாவினாள். உதட்டைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். மூக்கருகே விரல் வைத்தாள். பிறகு வாசல்படியில் பொத்தென்று உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், எது எங்கே முடிந்தது என்று தெரியவில்லை.

"கடலை உருண்டைன்னு சொன்னீங்களே சிஸ்டர்!"

"குடுக்கச் சொன்னது மதர். பிள்ளைக்குக் கடலை ஆகாதுன்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. அதான் இதைத் தூக்கிட்டு வந்தேன். பொய்தான். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன். சாமியார் எனக்கு எப்படியும் பரிகாரமா பத்து 'அருள் நிறை மரியே' ஜெபம் குடுப்பார். அதோட இதையும் சேத்துக்கட்டும்."

சிஸ்டர் குனிந்து, சிதறிய உருண்டைகளைத் தட்டில் பொறுக்கினார்.

"இங்க நடுவுல நான் இருந்தேன்," என்றார், தலை நிமிராமல். "திங்கட்கிழமை அங்க நடுவுல யாரும்மா இருப்பா?"

*

சுடர்க்கொடி செல்பேசியை எடுத்தாள்.

"தமீம், எங்க இருக்கே?"

"பரோட்டாக் கடையில அக்கா. மதர் என்ன சொன்னாங்க?"

"பரோட்டாவை வை. தோழியில பழசை வெட்டற வரி ஒண்ணு இருக்கும், பாரு."

"எந்த வரி? நம்ம பிரியாணி வரியா?"

"அதேதான். தூக்கிடு."

"தூக்கினா, பேச்சு நீண்டதும் அப்படியே நின்னுடுமே அக்கா."

"நிக்கட்டும்."

"பிழைன்னு கத்துமே!"

"கத்தட்டும். இடம் போதல, எதை விடறதுன்னு அவங்களைக் கேக்கட்டும். விடவே கூடாததை அவங்க முன்கூட்டியே சொல்லி வைக்க ஒரு வழி போடு. பிள்ளைக்கு எது ஆகாதோ அது ஒவ்வொரு தடவையும் முதல்ல போகணும். அப்புறம் அந்த நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, ஒத்திகையை மறுபடி முதல்ல இருந்து நடத்தச் சொல்லு. இன்னும் நீளமாப் பேசச் சொல்லு."

"இதெல்லாம் போட்டா மூணு வரி ஏழு வரி ஆயிடும்."

"ஆகட்டும்."

"அக்கா... கோப்பை இன்னும் ரெண்டு பெட்டி மிச்சம் இருக்கு."

"செடி வை அதுல."

அழைப்பைத் துண்டித்தாள். சிஸ்டர் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணை அகல விரித்து நின்றார்.

"லைப்ரரியில சத்தமா!" என்றார்.

"இனிமே போடும் சிஸ்டர்."

*

சாயங்கால வெயில் கதவில் விழுந்தது. குயிலி மடியில் தூங்கிப்போனாள். வாயோரம் கொஞ்சம் மண்.

தமீம் கூப்பிட்டான். ஒத்திகை முடிந்துவிட்டது. நர்ஸம்மா தொண்டை வறளப் பேசினாராம். நடுவில் தோழி நின்று, இடம் போதவில்லை என்று சொல்லியதாம். நர்ஸம்மா திடுக்கிட்டாராம். கடைசியில் காய்ச்சலுக்குக் கேட்டபோது, அந்த மருந்தைத் தராதீர்கள், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று பதில் வந்ததாம்.

"கேக்கறதுக்கு இன்னும் ஏதாவது இருக்காம்மா?" என்றார் வாசல் சிஸ்டர். "மணி அடிச்சா நாங்க ஜெபத்துக்குப் போயிடுவோம்."

"ஒண்ணே ஒண்ணு. திங்கட்கிழமை திறக்கலாமான்னு கேளுங்க."

சிஸ்டர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். கதவுவரை போனார். நின்றார். புஸ்ஸென்று மூச்சை விட்டார். திரும்பி வந்தார்.

"போதாதும்மா. காலையில இருந்து ரொம்பப் பேசிட்டோம். எதை விடட்டும்?"

அன்று முழுவதும் அந்த ஒரு கேள்வியை யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை.

சுடர்க்கொடி யோசித்தாள்.

"கோயம்புத்தூரை விடுங்க."

"சரி."

"கோப்பையை விடுங்க. மூணு வரியை விடுங்க. கைதட்டினதை விடுங்க."

"அப்பாடா. இப்பவே லேசாயிருச்சு. உங்க பேரு?"

"அதையும் விடுங்க."

"பின்ன எதைத்தான் சொல்றது?"

சுடர்க்கொடி சொன்னாள். சிஸ்டர் உள்ளே நடந்து போனார். ஓடவில்லை.

திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

"'கடலை ஆகாத பிள்ளையோட அம்மாவுக்கு,'" என்றார். "'திற.'"